பதற்றத்துக்கு மூலிகையும் சத்து மாத்திரையும்: முதன்முறை எடுப்பவர்களுக்கு

"அக்கா, படபடப்பு அடங்க இயற்கையா ஏதாவது இருந்தா கொடுங்க. இங்கிலீஷ் மருந்து வேணாம்."

குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் இந்தக் குரலை அடிக்கடி கேட்பேன். நெல் களத்தில் கிடந்து நனையும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க யோசிப்பார்கள். நகை அடகில் இருக்கும். அந்த மாதிரி ராத்திரிகளில் யாருக்குத்தான் தூக்கம் வரும்? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகும் பல மாதங்கள், காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வந்தவர்கள் உண்டு.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை. ஆனால் ஒரே ஆள் பையில் இரண்டு டாக்டர் சீட்டு, நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம், ஆன்லைனில் வாங்கிய டப்பா எல்லாம் சேர்ந்து கிடப்பதைத் தினமும் பார்க்கிற வேலை என்னுடையது. பொட்டலத்தையும் டப்பாவையும் டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டால், "அது மருந்து இல்லையே அக்கா, மூலிகைதானே" என்பார்கள். உடம்பில் வேலை செய்யும் என்று நம்பித்தானே அதை வாங்குகிறோம்? வேலை செய்கிற பொருள் என்றால் அளவு உண்டு, ஒத்துக்கொள்ளாத ஆள் உண்டு, சேரக்கூடாத மருந்தும் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை. இவை மனக்கவலையால் வரலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் அச்சு அசலாக இதே தொல்லைகள்தான் வரும். ரத்தசோகையிலும் நெஞ்சு படபடக்கும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் நடுக்கமும் பயமும் சேர்ந்து வரும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் மருந்தே சிலருக்குக் கையை நடுங்க வைக்கும். ஆகவே மூலிகைக்குச் செலவு செய்வதற்கு முன்னால் ஒரு தடவை மருத்துவரைப் பார்த்து ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சு முட்டல், மயக்கம் என்றால் அது பதற்றமா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் காபி. நம் ஊரில் இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும். கும்பகோணம் டிகிரி காபி எனக்கும் பிடிக்கும். ஆனால் காபியில் உள்ள காஃபின் பாதியளவு கரையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த டம்ளரில் ஒரு பங்கு ராத்திரி 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். ஒரு நாளில் நாலு டம்ளர் காபியும் குடித்துவிட்டு, படபடப்புக்கு அமுக்கரா என்ற அஸ்வகந்தாவும் தேடுபவர்களிடம் நான் முதலில் காபியைத்தான் பேசுவேன். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். இரண்டு நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வந்து, மதியத்துக்கு மேல் வேண்டாம் என்று வையுங்கள். வெற்றிலையோடு போடும் சீவலும் அப்படித்தான். பாக்கில் உள்ள அரிக்கோலின் நரம்பைத் தூண்டும், சிலருக்கு இதயத் துடிப்பைக் கூட்டும். புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. காபி, சீவல் இரண்டையும் குறைத்து இரண்டு வாரம் பார்த்த பிறகு, மூலிகையே வேண்டாம் என்று சொன்னவர்கள் என் கடையில் உண்டு.

உங்கள் பதற்றத்துக்கு ஓர் அளவும் தெரிந்தால் நல்லது. ஜிஏடி-7 என்று 7 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இருக்கிறது, மருத்துவர்கள் பயன்படுத்துவதுதான். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் கவலையை நிறுத்த முடியவில்லை, எத்தனை நாள் நிம்மதியாக உட்கார முடியவில்லை என்ற மாதிரி கேட்கும். மொத்தம் 21 மதிப்பெண். 5 முதல் லேசு, 10 முதல் மிதம், 15 முதல் கடுமை. 10-ஐத் தொட்டுவிட்டால் மூலிகையை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூலிகைகள் பற்றிய நல்ல முடிவுகளில் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகளில், சில வாரங்களுக்கு மட்டும் பார்த்தவை. பேச்சு சிகிச்சையும் முறையான மருந்தும் அதைவிட நன்றாகச் சோதிக்கப்பட்டவை.

எடுப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள்

இந்தப் படியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல என் அப்பாதான் காரணம்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் அறுத்த நெல் முளைவிட்டுப் போனது. அப்பா ராத்திரியெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். யாரோ சொன்னார்கள் என்று அமுக்கராப் பொடியைப் பாலில் கலந்து குடிக்க ஆரம்பித்தார். அது எங்களுக்குத் தெரியும். நல்லதுதானே என்று அம்மாவே பால் காய்ச்சிக் கொடுத்தாள். எங்களுக்குத் தெரியாதது, அதே நேரத்தில் அவர் வேறொரு ஊர்க் கடையில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது. மகள் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், அவளிடம் கேட்டால் திட்டுவாள் என்று நினைத்திருக்கிறார். பத்து நாள் கழித்து விடியற்காலையில் வரப்பில் நடந்தவர் தள்ளாடி வாய்க்காலில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட மருத்துவர் "என்னென்ன சாப்பிடுறீங்க" என்று கேட்டபோது, பிரஷர் மாத்திரையை மட்டும்தான் சொன்னார். சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை அம்மா துணி துவைக்கும்போது பார்த்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. தூக்கத்தைக் கொடுக்கும் இரண்டு பொருள் சேர்ந்தால் மயக்கம் கூடும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் நான். என் வீட்டில் கேட்காமல் விட்டுவிட்டேன்.

சரி, நோட்டில் என்ன எழுத வேண்டும்? மருத்துவர் கொடுத்த மாத்திரைகள், கடையில் நீங்களாக வாங்கியவை, லேகியம், கஷாயம், சத்து மாவு, மூட்டு வலிக்கு எடுக்கும் காப்ஸ்யூல், மது, புகையிலை எல்லாம். பெயர், அளவு, எந்த நேரம், எந்த நாளில் தொடங்கியது. வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த நோட்டை உங்கள் மருத்துவரும் மருந்தாளுநரும் மட்டும் பார்த்தால் போதும். எழுதி வைத்து வைத்தியம் பார்ப்பது தஞ்சைக்குப் புதிதும் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளைப் பற்றிப் படத்தோடு எழுதிய குறிப்புகள் இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன.

எழுதி முடித்ததும், கீழே சொல்லும் மருந்துகளில் ஏதாவது உங்கள் நோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, மனநல மருந்து. தைராய்டு மாத்திரை. சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் போன்றவை. சிறுநீரகம் மாற்றியவர்களும் மூட்டுவாத நோய்க்காரர்களும் எடுக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள். கருத்தடை மாத்திரை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகையையும் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், பிள்ளைகள், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக எதுவும் எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்று. மூலிகை எடுக்கப் போகிறோம் என்று அல்பிரசோலாம் மாதிரியான பதற்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பல மாதம் எடுத்தவர்கள் சட்டென்று விட்டால் பதற்றம் முன்னைவிடக் கூடும், வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

ஒன்று என்றால் ஒன்றுதான். இரண்டு மூன்றைச் சேர்த்துத் தொடங்கினால், குணமானாலும் எதனால் என்று தெரியாது, வயிறு கெட்டாலும் எதனால் என்று தெரியாது. "பத்து மூலிகை ஒரே காப்ஸ்யூலில்" என்று விற்பவற்றை இதனாலேயே நான் புதியவர்களுக்குச் சொல்வதில்லை.

அமுக்கரா. அஸ்வகந்தா என்று விற்பதும் இதுதான். நம் வண்டல் மண்ணுக்கான பயிர் இல்லை; வறண்ட நிலத்துச் செடி, பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கமிருந்து வருகிறது. பதற்றத்துக்கு எடுக்கப்படும் மூலிகைகளில் ஓரளவு ஆய்வு நடந்திருப்பது இதில்தான். பெரும்பாலான ஆய்வுகளில் வேரின் சாறெடுத்த பொடியை ஒரு நாளைக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை 8 வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பதற்றமும் தூக்கமும் ஓரளவு சீரானதாக முடிவுகள் சொல்கின்றன. மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் எப்படி என்பதற்குப் போதிய ஆய்வு இல்லை.

இங்கே எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஆய்வில் கொடுத்தது செறிவூட்டிய சாறு. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது கிழங்கை அப்படியே இடித்த பொடி. சித்த மருத்துவர் கொடுக்கும் அமுக்கரா சூரணம் மூன்றாவது வகை. இந்தச் சூரணத்தின் கணக்கு அழகானது: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரு மடங்கு. அதாவது சூரணத்தில் பாதி சர்க்கரை, கால் பங்குதான் அமுக்கரா. ஒரு வகைக்குச் சொன்ன அளவை இன்னொன்றுக்கு எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பிவிடும். சர்க்கரை நோய்க்காரர்கள் சூரணம் வாங்கும்போதும் வெல்லப்பாகில் கிளறிய லேகியம் வாங்கும்போதும் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அமுக்கராவால் வயிற்றுப்போக்கு, குமட்டல், பகலில் தூக்கக் கலக்கம் வரலாம். தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும் என்பதால் தைராய்டு தொல்லை உள்ளவர்கள் தாமாக எடுக்கக் கூடாது. அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கிறது. இந்திய மருத்துவமனைகளிலும் அப்படிப்பட்ட நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். டென்மார்க் 2023-இல் இதைத் தடையே செய்துவிட்டது. அந்த அளவுக்குப் பயப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் வருஷமாகச் சாப்பிட்டதுதானே என்ற தைரியம் மட்டும் போதாது. இன்னொரு விஷயம், நம் வைத்தியத்தில் மருந்துக்கு உரியது வேர்தான். இலை சேர்த்த தயாரிப்புகளைத் தவிர்க்குமாறு ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. லேபிளில் "வேர்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

வல்லாரை, நீர்ப்பிரமி. இவை இரண்டும் நம் மண்ணின் செடிகள். வாய்க்கால் ஓரம், வரப்பு, தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் படர்ந்து கிடக்கும். இரண்டையுமே "பிராமி" என்ற பெயரில் விற்கிறார்கள் என்பதால் குழப்பம் அதிகம். வட்டமாக, ஓரத்தில் பல்போல வெட்டு வைத்த இலை வல்லாரை. சின்னச் சின்னத் தடித்த இலையும் வெளிர்நிறப் பூவும் உள்ளது நீர்ப்பிரமி. வல்லாரையைத் துவையலாக, கடைசலாக வாரம் ஒன்றிரண்டு தடவை சாப்பிடுவதற்கு யாரும் பயப்பட வேண்டாம், அது சாப்பாடு. காப்ஸ்யூலாக மாதக்கணக்கில் எடுப்பது வேறு கணக்கு. வல்லாரையாலும் அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பு வந்ததுண்டு. நீர்ப்பிரமியை ஞாபகசக்திக்காகத்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள், அதுவும் 12 வாரம்போலக் கொடுத்து. வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும், வயிற்றைப் பிடுங்கும்.

ஆனால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வயல் வரப்பில் பறித்த வல்லாரையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்த நாளிலிருந்து அந்த வரப்பில் களைக்கொல்லி, பூச்சிமருந்து, உரம் எல்லாம் இறங்குகின்றன. நீர்ப்பிரமி மண்ணிலும் நீரிலும் இருக்கும் கன உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்து வைக்கிற செடி. ஒரு மண்தொட்டியில் ஈரம் காயாமல் வளர்த்தால் இரண்டுமே வீட்டிலேயே செழிக்கும்.

ஜாதிக்காய். பாலில் ஒரு சிட்டிகை இழைத்துக் குடித்தால் தூக்கம் வரும் என்பது நம் வீடுகளில் எல்லாப் பாட்டிகளும் சொல்வது. உரைகல்லில் நாலு இழைப்பு இழைப்பது ஒன்று, மிக்சியில் முழுக்காயையும் அடித்து ஸ்பூனால் போடுவது வேறு. 5 கிராம் அளவுக்குப் போனாலே ஜாதிக்காய் நஞ்சாகலாம். ஒரு முழுக் காயே அந்த எடை இருக்கும். சில மணி நேரம் கழித்து நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், பயம் பிடித்துக்கொள்ளும். பயத்துக்கு மருந்தாக எடுத்தது பயத்தையே கொண்டுவந்து சேர்க்கும். சிட்டிகையோடு நிறுத்துங்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

சர்ப்பகந்தா தூக்கத்துக்கும் பிரஷருக்கும் என்று சில மாத்திரைகளில் சேர்ந்திருக்கும். ரத்த அழுத்தத்தை இறக்கும் ரெசர்பின் என்ற பொருள் இந்த வேரிலிருந்துதான் எடுக்கப்பட்டது. மனச்சோர்வைக் கிளப்பிவிடக்கூடியது. லேபிளில் இந்தப் பெயரைப் பார்த்தால் கீழே வைத்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

சத்து மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்னீசியம் குறைவாக இருப்பவர்களுக்குப் பயன் இருக்கலாம், ஆனால் மாத்திரை வழியாக ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் போக வேண்டாம், வயிற்றைக் கலக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். பி12 சைவம் சாப்பிடுபவர்களுக்கும் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் குறைந்திருக்க வாய்ப்புண்டு, பரிசோதித்துக் குறைவு என்றால் எடுங்கள். பி6 அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் நரம்பே கெடும். ஒமேகா-3 காப்ஸ்யூலுக்குப் பதிலாக நாகப்பட்டினம் மத்தி மீன் வாரம் இரண்டு தடவை குழம்பு வைத்தாலே நல்லது என்பேன்.

ஆன்லைனில் வெளிநாட்டுப் பெயர்களோடு வரும் சிலவற்றை மட்டும் பெயர் சொல்லி எச்சரிக்கிறேன். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கருத்தடை மாத்திரை, வார்ஃபரின் உட்படப் பல மருந்துகளின் பலனைக் குறைத்துவிடும். இந்த மூலிகையோ 5-ஹெச்டிபி என்ற சத்து மாத்திரையோ மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கவா என்ற மூலிகை கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. இவற்றை வாங்காதீர்கள்.

வாங்கும்போது

அவிழ்த்துப் பொட்டலம் கட்டித் தரும் பொடியைவிட, மூடி முத்திரையிட்ட டப்பா பாதுகாப்பு. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, முடியும் தேதி, சேர்மானங்களின் அளவு எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். உணவுத் துணைப்பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண் இருக்கும். "மூன்றே நாளில் பதற்றம் பறந்துவிடும்" என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். உண்மையாகவே மூன்று நாளில் அப்படி வேலை செய்தால், அதில் சொல்லாமல் தூக்க மருந்து கலந்திருக்கிறார்களோ என்று நான் சந்தேகப்படுவேன். பற்பம், செந்தூரம் என்று பெயரில் இருந்தால் அதில் உலோகமோ தாதுவோ சேர்ந்திருக்கும், பட்டம் பெற்ற சித்த மருத்துவர் பார்த்துக் கொடுத்தாலொழிய எடுக்கக் கூடாது.

அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கிறது. இலவசம். அங்கே போய் நோட்டைக் காட்டி, "இந்த மாத்திரை எல்லாம் எடுக்கிறேன், எனக்கு எது சேரும்" என்று கேட்பதுதான் நாட்டு மருந்துக் கடையில் நேராக வாங்குவதைவிட எவ்வளவோ நல்ல வழி. விவரம் தெரிந்த நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு உங்கள் ரத்தப் பரிசோதனை தெரியாது.

தொடங்கும் முறை

நல்லது கெட்டது இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் தொடங்குங்கள். கல்யாண வாரத்திலோ நடவு வாரத்திலோ வேண்டாம். சொன்ன அளவில் பாதியை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். "வெருகடி அளவு", அதாவது மூன்று விரலால் எடுக்கும் அளவு, என்று சொன்னால் கைக்குக் கை மாறும். முடிந்தால் கிராம் தராசில் ஒரு தடவை நிறுத்து, எந்த ஸ்பூனில் எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாலைந்து நாள் மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதுவரை டிராக்டர், அறுவடை இயந்திரம், பைக் எதுவும் விடியற்காலையில் ஓட்டாதீர்கள், படகில் போகிறவர்களும் அப்படித்தான். தொல்லை இல்லை என்றால் ஒரு வாரம் கழித்து முழு அளவுக்குப் போகலாம்.

தினமும் ஒரு வரி எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினேன், பதற்றம் பத்துக்கு எத்தனை, வயிறு எப்படி. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்த 7 கேள்விகளையும் மறுபடி போட்டுப் பாருங்கள். 6 முதல் 8 வாரம் கழித்தும் மதிப்பெண் இறங்கவில்லை என்றால் அந்த மூலிகை உங்களுக்குப் பலன் தரவில்லை என்று அர்த்தம். அளவைக் கூட்டாதீர்கள், நிறுத்திவிடுங்கள். பலன் இருந்தாலும் மூன்று மாதத்தில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்து, மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் தொடர வேண்டும். ஏதாவது அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்னாலேயே நிறுத்தி, அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் சொல்லுங்கள். பல் பிடுங்கினாலும் சொல்லுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

கண் மஞ்சளாவது, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும். மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் குடித்து வீட்டிலேயே நாள் கடத்துவதுதான் நம் பக்கம் வழக்கம், அதைச் செய்யாதீர்கள். தடிப்பு, முக வீக்கம், மூச்சிரைப்பு என்றால் ஒவ்வாமை, அதற்கும் 108. படபடப்பு முன்னைவிடக் கூடினாலும் நிறுத்துங்கள். போகும்போது டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பெயரை வாயால் சொல்வது போதாது.

யாரைக் கேட்பது

14416. டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும், மூலிகை, மாத்திரை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். வீட்டில் பூச்சிமருந்து டப்பா இருந்தால் அதைக் கொஞ்ச நாளுக்குப் பக்கத்து வீட்டிலோ பூட்டிய இடத்திலோ கொடுத்து வையுங்கள். விவசாய வீட்டில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தூரமாக இருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள்.

அப்பா இப்போது அமுக்கரா எடுப்பதில்லை. தூக்க மாத்திரையை மனநல மருத்துவர் மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். சாயங்காலக் காபியை அவரே விட்டுவிட்டார். நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. அதில் பிரஷர் மாத்திரைக்குக் கீழே, அம்மா வைத்துக் கொடுத்த சுக்குக் கஷாயம்கூடத் தேதியோடு எழுதியிருக்கிறது.